வாக்குரிமை இல்லாதோருக்காக 26 ஆண்டுகள்: தொழிலாளர் உறுப்பினர் என்.எம். ஜோஷி

புது தில்லி: நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை தனித்தனியாக இருந்த 29 மத்திய சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கின. அந்தப் பட்டியலில் மிகப் பழையவை மூன்று. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-லும், தொழிற்சங்கச் சட்டம் 1926-லும், ஊதியம் வழங்கல் சட்டம் 1936-லும் பிரிட்டிஷ் ஆட்சியின்போது மத்திய சட்டப்பேரவையில் நிறைவேறியவை.

மூன்று சட்டங்களும் நிறைவேறிய காலத்தில் அந்தப் பேரவையில் தொழிலாளர்களின் பிரதிநிதியாக இருந்தவர் ஒருவரே. அவர் எந்தத் தொகுதியிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர். அவர் யாருக்காகப் பேசினாரோ அந்தத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அன்று வாக்குரிமையே கிடையாது. அரசு நியமித்த உறுப்பினராக 1921-இல் பேரவைக்குள் நுழைந்து, 1947-இல் பேரவை முடிவுக்கு வரும் வரை மீண்டும் மீண்டும் நியமிக்கப்பட்ட நாராயண் மல்ஹார் ஜோஷிதான் அவர்.

அரசு கொடுத்த நாற்காலியில் அமர்ந்துகொண்டு அரசிடமிருந்தே உரிமைகளைப் பெற முடியுமா என்ற கேள்வி அவரது பொதுவாழ்வு முழுவதும் உடன் வந்தது. அவரது இயக்கத்தைச் சேர்ந்தவர்களே அந்தக் கேள்வியை அவர்மீது வீசினர். இயக்கம் பிளவுபட்டதற்கும் அதுவே முக்கியக் காரணமாயிற்று.

ஆசிரியர் பணியிலிருந்து ஆலைப் பகுதிக்கு

மகாராஷ்டிரத்தின் கொலாபா மாவட்டத்தில், இன்றைய ராய்கட் மாவட்டத்தில், கோரேகாவ் என்ற ஊரில் 1879 ஜூன் 5-ஆம் தேதி பிறந்தவர் ஜோஷி. புணேயில் கல்வி கற்று, தக்காணக் கல்லூரியில் 1901-இல் பட்டம் பெற்றார். அதன்பின் சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார்.

கோபால கிருஷ்ண கோகலே 1905-இல் புணேயில் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தில் 1909-ஆம் ஆண்டு ஜோஷி சேர்ந்தார். சொந்தமாகப் பொருள் ஈட்டுவதில்லை, சங்கம் தரும் சிறு தொகையைக் கொண்டே குடும்பம் நடத்துவது என்பன அதன் உறுப்பினர்கள் ஏற்ற உறுதிமொழிகளில் அடங்கும். கோகலே 1915-இல் மறைந்தபின் அச்சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் தஞ்சை மாவட்டம் வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. மிதவாத அரசியலும் சட்டத்துக்கு உட்பட்ட போராட்டமுமே அச்சங்கத்தின் வழி. ஜோஷியின் வழியும் கடைசிவரை பெரும்பாலும் அதுவாகவே இருந்தது.

மும்பையில் 1911-இல் அவர் தொடங்கிய சமூக சேவை லீக், பரேல் உள்ளிட்ட பருத்தி ஆலைப் பகுதிகளில் இரவுப் பள்ளிகள், படிப்பகங்கள், மருந்தகங்கள், கூட்டுறவுக் கடன் சங்கங்கள் ஆகியவற்றை நடத்தியது. கொங்கணக் கடற்கரை மாவட்டங்களிலிருந்தும் தக்காணத்து வறண்ட கிராமங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து, ஒற்றை அறை கொண்ட சால் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்த மக்கள் அவர்கள். 1911-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம்தான் அவர்களது வேலை நேரத்துக்கு இருந்த ஒரே வரம்பு. பருத்தி ஆலையில் ஆண் தொழிலாளர் ஒருவர் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்று அது அனுமதித்தது. வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 72 மணி நேரம்.

இந்த ஆண்டுகளில் ஜோஷி செய்தது சமூக சேவை. படிப்பகமும் மருந்தகமும் தொழிலாளரின் துன்பத்தைச் சற்றுக் குறைக்கும். வேலை நேரத்தையோ கூலியையோ அவை மாற்றா. முதல் உலகப் போர் முடிந்த தறுவாயில் விலைவாசி ஏறி, ஆலைகள் பெரும் லாபம் ஈட்டி, கூலி மட்டும் பின்தங்கியபோது வேலைநிறுத்தங்கள் பெருகின. சேவகராக இருந்தவர் சங்கம் அமைப்பவராக மாறியது அந்தச் சூழலில்தான்.

வாஷிங்டனில் கிடைத்த 60 மணி

வெர்சாய் உடன்படிக்கையின்படி உருவான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு 1919 அக்டோபரில் வாஷிங்டனில் கூடியது. ஒவ்வொரு நாடும் அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய மூன்று தரப்பிலிருந்தும் பிரதிநிதிகளை அனுப்ப வேண்டும் என்பது விதி. இந்தியத் தொழிலாளர் தரப்புக்கு ஜோஷியை அரசு தேர்ந்தெடுத்தது. சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரான பி.பி. வாடியா ஆலோசகராக உடன் சென்றார்.

தொழிலாளர் பிரதிநிதியை, நாட்டிலுள்ள பெரிய தொழிற்சங்க அமைப்புகளின் இசைவுடன் நியமிக்க வேண்டும் என்று உடன்படிக்கை கூறியது. இந்தியாவிலோ அப்படியோர் அகில இந்திய அமைப்பே இல்லை. அரசு தன் விருப்பப்படி ஆளை அனுப்பியது என்ற கண்டனம் எழுந்தது. 1920 அக்டோபர் 31-ஆம் தேதி மும்பையில் அகில இந்திய தொழிற்சங்க காங்கிரஸ், அதாவது ஏஐடியுசி, லாலா லஜபதி ராயின் தலைமையில் பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதை உருவாக்கியவர்களுள் ஜோஷியும் ஒருவர். பின்னர் 1925 முதல் 1929 வரையும், 1940 முதல் 1948 வரையும் அதன் பொதுச் செயலாளராக இருந்தார்.

வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பை வாஷிங்டன் மாநாடு உலகுக்கு வகுத்தது. இந்தியாவுக்கு மட்டும் 60 மணி என்று தனி விதி எழுதப்பட்டது. தட்பவெப்பமும் தொழில் வளர்ச்சியின் நிலையும் வேறுபட்ட நாடுகளுக்கு விலக்கு தரலாம் என்று உடன்படிக்கையே இடம் கொடுத்திருந்தது. 72 மணியிலிருந்து 60 மணி என்பது பெரிய இறக்கம். எனினும் உலகத் தொழிலாளியைவிட இந்தியத் தொழிலாளி வாரத்துக்கு 12 மணி நேரம் கூடுதலாக உழைக்கலாம் என்பதை உலக அரங்கமே ஒப்புக்கொண்டதாகவும் அது ஆயிற்று.

சட்டத் திருத்தத்தின் மூலம் 1922-இல் இந்தியத் தொழிற்சாலைகளில் 60 மணி நடைமுறைக்கு வந்தது. குழந்தைகளை வேலைக்கு வைப்பதற்கான குறைந்தபட்ச வயது 12 ஆயிற்று. மீதமுள்ள 12 மணி நேரத்தைக் குறைக்க இன்னும் 24 ஆண்டுகள் ஆயின.

சென்னையில் வழக்கு, தில்லியில் தீர்மானம்

ஜோஷியின் பெயரை இந்தியச் சட்ட வரலாற்றில் நிலைநிறுத்திய விவகாரம் சென்னையில் தொடங்கியது. பெரம்பூர்ப் பகுதியில் பின்னி நிறுவனம் நடத்திய பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தனர். வாடியாவும் திரு.வி.க.வும் அதை முன்னின்று வளர்த்தனர். 1920-இல் ஆலையில் தகராறு முற்றிக் கதவடைப்பு வந்தது. தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாகச் சங்கத் தலைவர்கள்மீது நிர்வாகம் நஷ்டஈடு கோரி வழக்குத் தொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தடையாணை பிறப்பித்தது.

தொழிலாளர்கள் கூடிக் கூலி உயர்வு கேட்பது ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் பழைய கோட்பாட்டின்படி தொழிலுக்கு இடையூறு செய்யும் சதியாகக் கருதப்படலாம் என்பதை அந்த வழக்கு வெளிச்சம் போட்டுக் காட்டியது. பிரிட்டனில் தொழிற்சங்கங்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு இந்தியாவில் இல்லை. சங்கத் தலைவர் எவரையும் நீதிமன்றத்துக்கு இழுத்து நஷ்டஈட்டினால் முடக்கிவிடலாம். சங்கத்துடனான தொடர்பை வாடியா விட்டுவிட வேண்டும் என்ற ஏற்பாட்டின் பேரிலேயே வழக்கு முடிவுக்கு வந்தது.

புதிதாக அமைக்கப்பட்ட மத்திய சட்டப்பேரவை 1921 பிப்ரவரியில் தில்லியில் கூடியது. அதன் முதல் கூட்டத்தொடரிலேயே, மார்ச் 1-ஆம் தேதி, தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் சட்டம் கொண்டுவர வேண்டும் என்ற தீர்மானத்தை ஜோஷி முன்மொழிந்தார். பேரவை அதை ஏற்றது. ஆனால் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. மாகாண அரசுகளின் கருத்து கேட்பது, முதலாளிகள் சங்கங்களின் ஆட்சேபம், வரைவு, திருத்த வரைவு என்று ஐந்தாண்டுகள் ஓடின. சட்டம் நிறைவேறியது 1926-இல். நடைமுறைக்கு வந்தது 1927 ஜூன் 1-இல்.

ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்றது அச்சட்டம். பதிவு பெற்ற சங்கத்தின் நியாயமான செயல்களுக்காக அதன் நிர்வாகிகள்மீது குற்றச் சதி வழக்கோ, வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாக உரிமையியல் வழக்கோ தொடுக்க முடியாது. சென்னையில் நடந்தது இனி நடவாது என்பதே இதன் பொருள். நிர்வாகிகளில் குறைந்தது பாதிப் பேர் அந்தத் தொழிலில் வேலை செய்பவர்களாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது.

ஆனால் ஒரு பெரிய குறை அதில் தங்கிவிட்டது. பதிவு பெற்ற சங்கத்தை அங்கீகரித்து அதனுடன் முதலாளி பேச வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. சங்கம் சட்டப்படி உயிரோடு இருக்கலாம். ஆலை நிர்வாகம் அதைக் கண்டுகொள்ளாமலும் இருக்கலாம். இந்த இடைவெளி பல பத்தாண்டுகள் அடைபடாமலே கிடந்தது.

நியமன உறுப்பினரின் ஆயுதங்கள்

சட்டப்பேரவையில் ஜோஷிக்குப் பின்னால் கட்சி கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களில் நிலச்சுவான்தார்களும் வணிகர்களும் வழக்குரைஞர்களும் மிகுதி. அரசை எதிர்ப்பதில் முனைப்புக் காட்டிய தேசியவாத உறுப்பினர்களில் பலர், ஆலை முதலாளிகளின் நலன் என்று வந்தால் தயங்கினர். இந்தியத் தொழிலுக்குச் சுமை ஏற்றி லங்காஷயருக்கு லாபம் தேடித்தரும் சூழ்ச்சியே தொழிலாளர் சட்டம் என்ற வாதம் அன்று செல்வாக்குடன் இருந்தது. அரசுத் தரப்போ, தொழிலாளர் சட்டங்கள் படிப்படியாக வந்தால் போதும் என்று கருதியது.

இந்த இரு தரப்புக்கும் இடையே அவர் கையாண்ட முறை எளிது. ஜெனீவாவில் ஏற்கப்படும் ஒவ்வோர் உடன்படிக்கையையும் உறுப்பு நாடுகள் தத்தம் சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் விதி. அரசு அதைத் தட்டிக்கழிக்க முடியாது. எனவே ஜெனீவாவில் பேசியதைத் தில்லியிலும் சிம்லாவிலும் தீர்மானமாக்கினார். அரசு மறுத்தால் அந்த மறுப்பை மீண்டும் ஜெனீவாவுக்குக் கொண்டுசென்றார். கேள்விகள், வெட்டுத் தீர்மானங்கள், மசோதாக்களுக்கு விதிவாரியான திருத்தங்கள் ஆகியவையே அவருடைய கருவிகள். பெரும்பாலான திருத்தங்கள் தோற்றன. சில ஏற்கப்பட்டன.

இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் வந்தது. அதற்கு முன் ஆலையிலோ ரயில்வேயிலோ கை இழந்தவர், முதலாளியின் கவனக்குறைவை நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் காசு பெற முடியும். வழக்கு நடத்த வசதியுள்ள கூலித் தொழிலாளர் யார்? புதிய சட்டத்தின்படி, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தாலே இழப்பீடு தர வேண்டியதாயிற்று. இறப்புக்கு 30 மாதக் கூலி அல்லது 2,500 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது என்று வரம்பு வைக்கப்பட்டது. தொகை சிறிது, ஆனால் அது தருமம் என்ற நிலை மாறி, சட்டப்படி கேட்டுப் பெறும் உரிமையாயிற்று.

அதே ஆண்டு வந்த சுரங்கச் சட்டம், 13 வயதுக்கு உட்பட்டவர்களைச் சுரங்க வேலையிலிருந்து விலக்கியது. தரைக்கு மேல் வாரத்துக்கு 60 மணி, தரைக்குக் கீழ் 54 மணி என்றும் வரையறுத்தது. ஜரியா, ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்களில் கணவன் வெட்டிய கரியை மனைவி கூடையில் சுமந்த நிலை மட்டும் தொடர்ந்தது. சுரங்கத்துக்குள் பெண்களின் வேலையைப் படிப்படியாக நிறுத்தும் விதிகள் 1929-இல்தான் வந்தன.

தோற்ற மசோதா

ஜோஷியின் முயற்சிகளில் உடனடிப் பலன் தராமல் போனது பேறுகால உதவி மசோதா. தொழிலாளர் பெண்களுக்குப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வும், அந்த நாள்களில் உதவித்தொகையும் தர வகை செய்யும் மசோதாவை 1924-இல் அவர் பேரவையில் அறிமுகம் செய்தார். பேறுகாலப் பாதுகாப்பு குறித்த உடன்படிக்கையை வாஷிங்டன் மாநாடு 1919-லேயே ஏற்றிருந்தும், அப்படியொரு சட்டத்துக்கு இந்திய அரசு ஆதரவு தரவில்லை. மசோதா 1925-இல் தோற்கடிக்கப்பட்டது.

ஆனால் அந்தக் கருத்து பேரவையோடு முடிந்துவிடவில்லை. மும்பை மாகாணம் 1929-இல் பேறுகால உதவிச் சட்டம் இயற்றியது. சென்னை மாகாணம் 1934-இல் அதைப் பின்பற்றியது. சுரங்கத் தொழிலாளர் பெண்களுக்கு 1941-இல் மத்திய சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான பேறுகால உதவிச் சட்டம் 1961-இல் நிறைவேறியபோது ஜோஷி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாக்பூர்ப் பிளவு

பேரவைக்கு வெளியே ஜோஷி போராட்டக் களத்தை விட்டு விலகவில்லை. மும்பை ஆலை முதலாளிகள் 1925-இல் கூலியை 11.5 சதவீதம் குறைத்தபோது ஏறத்தாழ மூன்று மாதம் வேலைநிறுத்தம் நடந்தது. பருத்தித் துணிமீதான கலால் வரியை அரசு நிறுத்தி வைத்தவுடன் கூலிக் குறைப்பு கைவிடப்பட்டது. அந்தப் போராட்டத்தைத் தொடர்ந்து 1926-இல் பம்பாய் ஜவுளித் தொழிலாளர் சங்கம் ஜோஷியின் தலைமையில் அமைந்தது.

1928 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சுமார் ஒன்றரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். எஸ்.ஏ. டாங்கே உள்ளிட்ட கம்யூனிஸ்ட் தலைவர்களும் ஜோஷியின் மிதவாத அணியினரும் ஒரே வேலைநிறுத்தக் குழுவில் இணைந்து பணியாற்றினர். ஆனால் அந்த ஆறு மாதத்தில் ஆலைத் தொழிலாளர்களின் மனம் கம்யூனிஸ்டுகளின் கிர்னி காம்கார் சங்கத்தின் பக்கம் சாய்ந்தது. ஜோஷியின் சங்கம் சிறுபான்மை ஆயிற்று.

அரசின் பதில் கடுமையாக இருந்தது. 1929 மார்ச்சில் மீரட் சதி வழக்கில் தொழிற்சங்கத் தலைவர்கள் நாடெங்கும் கைது செய்யப்பட்டனர். ஏப்ரல் 8-ஆம் தேதி தொழில் தகராறு மசோதா பேரவையில் நிறைவேறியது. பகத் சிங்கும் பி.கே. தத்தும் பார்வையாளர் மாடத்திலிருந்து குண்டு வீசியது அன்றுதான். பொதுப் பயன்பாட்டுப் பணிகளில் 14 நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்வதை அம்மசோதா தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அனுதாப வேலைநிறுத்தங்களுக்கும் தடை போட்டது. அதை எதிர்த்தவர்களில் ஜோஷியும் ஒருவர்.

எதிர்த்த அதே ஆண்டில், அரசு அமைத்த ராயல் தொழிலாளர் ஆணையத்தில் உறுப்பினராகவும் அவர் சேர்ந்தார். பிரிட்டிஷ் காமன்ஸ் சபையின் முன்னாள் தலைவர் ஜே.எச். விட்லி அதன் தலைவர். சீனிவாச சாஸ்திரி, ஜி.டி. பிர்லா, திவான் சமன் லால் ஆகியோரும் உறுப்பினர்கள். தொழிலாளர் தலைவர்கள் மீரட் சிறையில் இருக்கும்போது, சிறையிட்ட அரசின் ஆணையத்தில் அமர்வது துரோகம் என்று இடதுசாரிகள் கொதித்தனர்.

1929 நவம்பர் இறுதியில் நாக்பூரில் ஜவாஹர்லால் நேரு தலைமையில் கூடிய ஏஐடியுசி மாநாடு ஆணையத்தைப் புறக்கணிக்கத் தீர்மானித்தது. ஜோஷி, வி.வி. கிரி, பி. சிவராவ், சமன் லால் முதலியோர் வெளியேறித் தனிச் சம்மேளனம் அமைத்தனர். எந்த அமைப்பை உருவாக்க ஜோஷி உழைத்தாரோ, அதிலிருந்து அவர் விலகி நின்ற காலம் ஏறத்தாழ பத்தாண்டு.

ஆணையத்தின் அறிக்கையும் அதன் பலனும்

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆணையம் அரசுக்கு நற்பெயர் தேடித்தரும் என்ற அச்சம் பொய்யன்று. ஆனால் சுரங்கம், தேயிலைத் தோட்டம், ஆலை, துறைமுகம் என்று நாடெங்கும் சாட்சியம் திரட்டி 1931-இல் வெளியான அதன் அறிக்கை, இந்தியத் தொழிலாளரின் வாழ்க்கை குறித்து அதுவரை வந்தவற்றுள் மிக விரிவான ஆவணம். அடுத்த இருபது ஆண்டுகளில் வந்த சட்டங்கள் பலவற்றுக்கு அது அடிப்படையாயிற்று.

1934-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில் வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணியாகக் குறைத்தது. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் இன்னொரு பழைய கொடுமையைத் தொட்டது. ஒரு மாதக் கூலி அடுத்த மாதத்தின் நடுவில்தான் கைக்கு வரும். அதுவரை தொழிலாளர் கந்து வட்டிக்குக் கடன் வாங்கிச் சாப்பிட வேண்டும். தாமதமாக வந்தால் அபராதம். நெசவில் குறை கண்டால் கெட்ட துணியைத் தொழிலாளர் தலையிலேயே கட்டி, விலையைக் கூலியில் பிடித்துக்கொள்வதும் உண்டு. மாதம் முடிந்து ஏழு நாளுக்குள், பெரிய ஆலைகளானால் பத்து நாளுக்குள், கூலி தர வேண்டும் என்றது புதிய சட்டம். அபராதம் ரூபாய்க்கு அரையணாவைத் தாண்டக் கூடாது. அந்தப் பணமும் தொழிலாளர் நலனுக்கே செலவிடப்பட வேண்டும் என்றும் அது விதித்தது.

லண்டனில் நடந்த வட்டமேசை மாநாடுகளிலும் தொழிலாளர் பிரதிநிதியாக ஜோஷி கலந்துகொண்டார். 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் கூட்டாட்சிப் பேரவையில் தொழிலாளர்களுக்கென 10 இடங்களை ஒதுக்கியது. ஆனால் அந்தக் கூட்டாட்சி அமையவே இல்லை. எனவே பழைய பேரவையே நீடித்தது. ஜோஷியும் நியமன உறுப்பினராகவே நீடித்தார்.

48 மணியும் இறுதி ஆண்டுகளும்

பிளவுண்ட தொழிற்சங்கங்கள் 1938-இல் நெருங்கி வந்து 1940-இல் முழுமையாக இணைந்தன. ஏஐடியுசி-யின் பொதுச் செயலாளர் பொறுப்பு மீண்டும் ஜோஷியிடம் வந்தது. நாக்பூரில் அவரைக் கண்டித்தவர்களும் அவருடன் சேர்ந்து செயல்பட ஒப்பினர்.

வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை 1942-இல் பி.ஆர். அம்பேத்கரிடம் வந்தது. அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பும் கூடும் மாநாடுகள் அவ்வாண்டில் தில்லியில் தொடங்கின. உலகப் போரின் நெருக்கடியில் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு ஏற்பட, சுரங்கத்துக்குள் பெண்கள் வேலை செய்வதற்கான தடையை அரசு 1943-இல் நீக்கியது. இருபதாண்டு முயற்சியில் கிடைத்த பாதுகாப்பு ஓர் அறிவிக்கையில் போயிற்று. தடை மீண்டும் வந்தது 1946-இல்தான்.

அந்த ஆண்டிலேயே அம்பேத்கர் கொண்டுவந்த தொழிற்சாலைத் திருத்தச் சட்டம் வேலை நேரத்தை வாரத்துக்கு 48 மணியாக்கியது. 1946 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வாஷிங்டனில் இந்தியாவுக்கு மறுக்கப்பட்ட வரம்பு 27 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தது. அன்று வாஷிங்டனில் தொழிலாளர் பிரதிநிதியாக இருந்தவர் இன்று பேரவையிலும் உறுப்பினராக இருந்து அதைக் கண்டார்.

சங்க அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கும் மசோதாவையும் 1943-இல் அம்பேத்கர் அறிமுகம் செய்தார். அதன் வழி வந்த திருத்தச் சட்டம் 1947-இல் நிறைவேறியது. ஆனால் அது ஒருபோதும் நடைமுறைப்படுத்தப்படவில்லை.

எஸ். வரதாச்சாரியார் தலைமையில் 1946-இல் அமைந்த முதலாவது மத்திய ஊதியக் குழுவிலும் ஜோஷி உறுப்பினராக இருந்தார். மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்குப் பஞ்சப்படி உட்பட மாதம் 55 ரூபாய் என்று அக்குழு பரிந்துரைத்தது.

1947 மே மாதம் காங்கிரஸ் தலைவர்கள் ஐஎன்டியுசி-யைத் தனியாகத் தொடங்கினர். ஜோஷி உடனே ஏஐடியுசி-யை விட்டு விலகவில்லை. கம்யூனிஸ்டுகளின் பிடி இறுகியபின் 1948-இல் பொதுச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினார். 1920-இல் ஒன்றாகத் தொடங்கிய இயக்கம், நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளில் கட்சிவாரியாகப் பிரிந்து நின்றது. அந்தப் பிரிவு இன்றுவரை தீரவில்லை.

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மக்களவை 1952-இல் கூடியபோது ஜோஷி அதில் இல்லை. நாக்பூரில் அவருடன் வெளியேறிய கிரி, அந்த அரசில் தொழிலாளர் துறை அமைச்சராக இருந்தார். 1955 மே 30-ஆம் தேதி ஜோஷி தமது 75-ஆம் வயதில் காலமானார்.

எஞ்சி நிற்கும் கணக்கு

பேரவையில் அவர் கேட்டவற்றில் கிடைத்தவை குறைவு. கிடைத்தவையும் தாமதமாகவே கிடைத்தன. தெருப் போராட்டமும் மீரட் சிறையும் இல்லாவிட்டால் அரசு அந்த அளவுக்கேனும் இறங்கி வந்திருக்குமா என்று கேட்போர் உண்டு. அந்தப் போராட்டங்களின் வேகத்தைச் சட்டத்தின் விதிகளாக எழுத வைக்கப் பேரவைக்குள் ஒருவர் இல்லாவிட்டால் அவை என்னவாகியிருக்கும் என்ற கேள்வியும் அதற்கு இணையானதே.

அவர் காலத்தில் தீராத வழக்குகள் புதிய சட்டத் தொகுப்புகளிலும் தொடர்கின்றன. 51 சதவீதத் தொழிலாளர்களை உறுப்பினர்களாகக் கொண்ட சங்கத்தைப் பேச்சுவார்த்தைக்குரிய ஒரே சங்கமாக அங்கீகரிக்கத் தொழிலுறவுத் தொகுப்பு வழி செய்கிறது. 1926-இல் விடுபட்டது நூறாண்டு நெருங்கும் வேளையில் சேர்ந்திருக்கிறது. ஆனால் 1929-இல் பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு மட்டும் என்றிருந்த 14 நாள் முன்னறிவிப்பு, இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் பொதுவாகியிருக்கிறது. ஏஐடியுசி உள்ளிட்ட மத்தியத் தொழிற்சங்கங்கள் 2025 ஜூலை 9-ஆம் தேதி நடத்திய பொது வேலைநிறுத்தத்தில் இத்தொகுப்புகளைத் திரும்பப் பெற வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை.

1927-இல் திறக்கப்பட்ட வட்ட வடிவ நாடாளுமன்றக் கட்டடத்தில் ஜோஷி இருபது ஆண்டுகள் அமர்ந்த அவை, விடுதலைக்குப் பின் மக்களவை மண்டபமாயிற்று. 2023 செப்டம்பரில் நாடாளுமன்றம் புதிய கட்டடத்துக்குச் சென்றபின் பழைய கட்டடத்துக்கு அரசியல் சாசன இல்லம் எனப் பொருள்படும் சம்விதான் சதன் என்ற பெயர் சூட்டப்பட்டது. 1921 மார்ச் 1-ஆம் தேதி அவர் முன்மொழிந்த தீர்மானமும், அதன் பின் ஐந்தாண்டுகள் நடந்த விவாதமும் பேரவையின் நடவடிக்கைக் குறிப்புகளில் இருக்கின்றன.